நம்ம வண்டி உண்மையில் எவ்வளவு கொடுக்குது?



இந்த இதழில் நாம் படிக்கப் போவது ஒரு கணக்குப் பாடம். பயப்பட வேண்டாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நம் குழுக்களில் மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர்கள், காய்கறி, பூ, மீன் விற்பவர்கள், பால் ஊற்றுபவர்கள், வீடு வீடாகத் துணி எடுத்துப்போய் விற்பவர்கள் என்று பலரும் மொபட்டிலும் ஸ்கூட்டரிலும்தான் தொழில் செய்கிறோம். 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தில் 25,000 ரூபாய் வரை மானியம் பெற்று வண்டி வாங்கியவர்கள் உண்டு. வங்கிக் கடனிலோ குழுவின் உள்கடனிலோ வாங்கியவர்களும் உண்டு. வண்டிக்குத் தவணை எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்குது என்று கேட்டால், "ஷோரூம்ல 60-னு சொன்னாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

அந்த 60-ஐ நம்பித் தொழில் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம்.

மாதம் 650 ரூபாய் எங்கே போகுது?

ஒரு உறுப்பினர் இட்லி மாவு வியாபாரத்துக்காக ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 26 நாள் வேலை. மொத்தம் 780 கிலோமீட்டர். கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம்.

திட்டத்தில் எழுதியது: லிட்டருக்கு 60 கி.மீ. மாதம் 13 லிட்டர். செலவு 1,300 ரூபாய்.

உண்மையில் கிடைப்பது: லிட்டருக்கு 40 கி.மீ. மாதம் 19.5 லிட்டர். செலவு 1,950 ரூபாய்.

வித்தியாசம் மாதம் 650 ரூபாய். வருடத்துக்கு 7,800 ரூபாய். இது ஒரே நாளில் போனால் நமக்குத் தெரியும். தினம் 25 ரூபாயாகக் கரைவதால் தெரிவதில்லை. "வியாபாரம் நல்லாத்தான் போகுது, கையிலதான் காசு நிக்க மாட்டேங்குது" என்று கூட்டத்தில் சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். தவணை நாளில் பணம் குறையும். அதை அடைக்க இன்னொரு உள்கடன் கேட்போம். இப்படித்தான் நல்ல தொழில்கூட கடனுக்கு மேல் கடனாக மாறுகிறது.

ஆகவே கடன் படிவத்திலும் தொழில் திட்டத்திலும் எழுத வேண்டியது ஷோரூமில் சொன்ன எண் இல்லை. நம் ரோட்டில், நம் சுமையோடு, நாமே அளந்த எண்.

அப்படியென்றால் கம்பெனி சொல்வது பொய்யா?

பொய் என்று சொல்ல முடியாது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறார்கள். எத்தனை விநாடி எந்த வேகம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த முறைப்படி நடக்கும். ஓட்டுபவர் ஒருவரின் எடைதான் கணக்கில் வரும். அங்கே குழி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, குறுக்கே ஆடு வராது. பின்னால் இரண்டு மாவுத் தூக்கும் கிடையாது.

எல்லா வண்டியையும் ஒரே மாதிரி சோதித்தால்தான் எது சிக்கனமானது என்று ஒப்பிட முடியும். அந்த எண்ணின் பயன் அதுதான். இரண்டு வண்டிகளில் எதை வாங்கலாம் என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். மாதச் செலவு போட அது உதவாது.

சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரிந்த பாடம்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நம்மிலும் பலர் சைக்கிளில் தொடங்கியவர்கள்தான். சைக்கிள் மிதித்த காலுக்கு மைலேஜ் பாடம் ஏற்கெனவே தெரியும். டயரில் காற்று இறங்கினால் மிதிக்க முடியாது. பின்னால் மூட்டை வைத்தால் கிளப்புவதே கஷ்டம். எதிர்க்காற்றில் மூச்சு வாங்கும். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவோம். நன்றாக வேகம் எடுத்த பிறகு யாராவது குறுக்கே வந்து பிரேக் பிடித்தால் எரிச்சல் வரும், ஏனென்றால் மறுபடியும் முதலில் இருந்து மிதிக்க வேண்டும்.

என்ஜினுக்கும் இதே ஐந்து கஷ்டங்கள்தான். சைக்கிளில் கால் வலித்துச் சொல்லியது. வண்டியில் பெட்ரோல் குறைந்து சொல்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், ஏறக்குறைய கால் பங்கின் சக்திதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மீதியெல்லாம் என்ஜின் சூடாகவும் சைலன்சர் சூடாகவும் வெளியே போய்விடுகிறது. மிஞ்சும் அந்தக் கால் பங்கையாவது வீணாக்காமல் இருக்க வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. டயர் காற்று

காற்று குறைந்த டயர் ரோட்டில் அமுங்கி அமுங்கிச் சுற்றும். அந்த அமுக்கத்துக்கே பெட்ரோல் செலவாகும். டயரும் சீக்கிரம் தேயும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆளோ சுமையோ ஏற்றினால் எவ்வளவு என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். வாரம் ஒரு முறை, வண்டி அதிகம் ஓடாத காலை நேரத்தில் பார்ப்பது நல்லது. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகப் பிடித்துத் தர வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம்.

2. சுமை

ஸ்கூட்டர் சுமார் 105 கிலோ, ஓட்டுபவர் 55 கிலோ, ஆக 160 கிலோ. அதில் 60 கிலோ மூட்டை ஏற்றினால் 220 கிலோ ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடிவிட்டது. கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் அந்தக் கூடுதல் எடைக்கு ஏற்ற பெட்ரோல் வேண்டும். தொழிலுக்குச் சுமை ஏற்றித்தான் ஆக வேண்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. காலி டப்பா, பழைய சாக்கு, தேவையில்லாத எடைக்கல் என்று சும்மா சுமந்து திரிவதை வீட்டில் இறக்கி வைக்கலாம். வண்டிக்குச் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்காது. அங்கே காசைவிட உயிர் பெரிசு.

3. காற்றும் வேகமும்

வேகம் கூடக் கூட எதிரே வரும் காற்றின் தடை பல மடங்கு கூடும். 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 60-ல் காற்றின் தடை இரண்டேகால் மடங்கு. நாம் 40-ல் போகும்போது எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் அடித்தாலும் இதே கதிதான். ஆடி மாதத்தில் உடுமலை, பல்லடம் பக்கமும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமும் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்றாலை சுற்றுகிற காற்று நம் நெஞ்சில் அடித்தால் மைலேஜ் குறையத்தான் செய்யும். அந்த மாதம் "வண்டி கெட்டுப்போச்சு" என்று மெக்கானிக்கிடம் ஓடும் முன், காற்று அடங்கியதும் ஒருமுறை அளந்து பார்க்கலாம். காற்று நம் கையில் இல்லை, வேகம் நம் கையில் இருக்கிறது. 40 முதல் 50-க்குள் சீராகப் போனால் போதும். மூட்டையை இரண்டு பக்கமும் அகலமாகத் தொங்கவிடுவதும், உயரமாக அடுக்குவதும் காற்றுக்குச் சுவர் கட்டுவது மாதிரிதான். ஒடுக்கமாகக் கட்டினால் ஓட்டவும் பத்திரம்.

4. மேடு

மலையடிவாரத்திலும் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு ஏறும்போது மைலேஜ் பாதியாகக்கூடத் தெரியும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதாகக் கிடைக்காது. ஏனென்றால் இறக்கத்தில் பிரேக் பிடித்தே வருகிறோம். இவர்கள் ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

5. பிரேக்கும் நின்று போவதும்

நாம் கவனிக்காத பெரிய செலவு இதுதான். பெட்ரோல் கொடுத்து எடுத்த வேகத்தைத்தான் பிரேக் சூடாக மாற்றி வீணாக்குகிறது. 20 கி.மீ. வேகத்தில் இருந்து நிற்பதைவிட 40-ல் இருந்து நின்றால் நான்கு மடங்கு சக்தி போகிறது. வேகத்தடை வரை முறுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் பிரேக் பிடிப்பவருக்கும், தூரத்திலேயே ஆக்சிலேட்டரை விட்டு மெதுவாக வருபவருக்கும் ஊர் போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோல் கணக்குதான் வேறு.

நின்றபடி என்ஜின் ஓடினால் அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம். கடையில் மாவுப் பாக்கெட் எண்ணிக் கொடுக்கும்போதும், ரயில்வே கேட்டிலும், அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கும் சிக்னலிலும் அணைத்துவிடலாம். கிளம்பிய புதிதில் என்ஜின் சூடாகும் வரை பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதனால் காலையில் ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று 2 கிலோமீட்டர் போய்வருவதைவிட ஒரே சுற்றாக முடிப்பது லாபம்.

இந்த ஐந்தோடு பராமரிப்பும் உண்டு. மண் ரோட்டில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உடனே நின்றால் பிரேக் உரசுகிறது என்று அர்த்தம், பெட்ரோலும் சேர்ந்து தேய்கிறது. மொபட், பைக் வைத்திருப்பவர்கள் செயினுக்கு எண்ணெய் போட்டு, தொய்வு சரிபார்க்க வேண்டும். ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்.

அளப்பது எப்படி?

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். கிலோமீட்டர் மீட்டர் ஓடாத வண்டியாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முதல் படி: டேங்க் நிறையப் போடுங்கள். மூடி வரை தளும்பப் போடக் கூடாது. குறிப்பிட்ட ஒரு அளவு வரை நிரப்பி அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணம்: 8,420.

இரண்டாம் படி: வழக்கம்போல ஓட்டுங்கள். சோதனைக்காகப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: முக்கால் டேங்க் காலியானதும் அதே பங்கில், வண்டியை அதே மாதிரி நிறுத்தி, அதே அளவு வரை நிரப்புங்கள். மீட்டர் 8,588. போட்டது 4 லிட்டர்.

கணக்கு: 8,588 - 8,420 = 168 கி.மீ. 168-ஐ 4-ஆல் வகுத்தால் 42. லிட்டருக்கு 42 கி.மீ. பெட்ரோல் 100 ரூபாய் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 38 பைசா.

ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

"டேங்க் நிறையப் போட எங்க கையில ஏது காசு, தினம் 100 ரூபாய்க்குத்தான் போடுறோம்" என்பவர்களுக்கும் வழி உண்டு. பெட்ரோல் முள் ஒரு கோட்டுக்கு வந்த நாளில் மீட்டரைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் போட்ட லிட்டரை எழுதி வாருங்கள். ஒரு மாதம் கழித்து முள் அதே கோட்டுக்கு வரும் நாளில் கணக்கை முடியுங்கள். ஓடிய மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் போதும்.

பங்கில் அளவு பற்றிச் சந்தேகம் வந்தால், அங்கே வைத்திருக்கும் 5 லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். அது நுகர்வோர் உரிமை. போடும் முன் மீட்டரில் பூஜ்யம் பார்ப்பதை மறக்க வேண்டாம்.

கொஞ்சம் யோசிக்க வைக்கும் கணக்கு

மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் இரண்டு வண்டிகள். ஒன்று ஸ்கூட்டர். அதன் மைலேஜ் 40-ல் இருந்து 50 ஆகிறது. இன்னொன்று கூட்டமைப்பின் சரக்கு ஏற்றும் குட்டி யானை. அதன் மைலேஜ் 15-ல் இருந்து 18 ஆகிறது. எதில் மிச்சம் அதிகம்?

பத்து கூடிய ஸ்கூட்டரில்தான் என்று தோன்றும். கணக்குப் போடுவோம். ஸ்கூட்டர் முன்பு 22.5 லிட்டர் குடித்தது, இப்போது 18. மிச்சம் 4.5 லிட்டர். குட்டி யானை முன்பு 60 லிட்டர், இப்போது 50. மிச்சம் 10 லிட்டர்! மூன்றே மூன்று கிலோமீட்டர் கூடியதில் இரண்டு மடங்குக்கும் மேல் லாபம். அதிகம் குடிக்கும் வண்டியைக் கவனிப்பதுதான் முதல் வேலை. ஆகவே மைலேஜோடு, கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்றும் எழுதிப் பழகுவோம். அதுதான் நேராகப் பையைத் தொடும் எண்.

எத்தனால் கலந்ததால் குறையுதா?

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் போன்றவற்றில் இருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் இலக்கை 2025-ல் நாடு எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது உண்மை. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, முந்தைய வகை இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று கணித்தது. 40 கொடுத்த வண்டி 38.5 கொடுக்கும்.

45 கொடுத்தது 35-க்கு இறங்கினால் அந்தப் பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. டயர், பிரேக், ஃபில்டர், சுமை என்று தேட வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. மழைக்காலத்தில் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

மிச்சம் என்று ஏமாற வேண்டாம்

இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு உருளுவதைச் சிலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். என்ஜின் கொடுக்கும் தடுப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். இது ஆபத்து. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைத் தானே அளந்து தெளிப்பவை. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது அவை பெட்ரோலைத் தாமே நிறுத்திக்கொள்ளும்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது என்ஜினுக்கு வைக்கும் கொள்ளி. விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் வரும் என்பதும் வீண் நம்பிக்கை. பங்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருப்பதால் காலையிலும் மதியத்திலும் அதன் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய வண்டியில் கார்புரேட்டரை அளவுக்கு மேல் இறுக்கி "மைலேஜ் செட்டிங்" செய்தால், முதலில் கூடிய மாதிரி தெரியும். பிறகு என்ஜின் சூடேறி மிச்சம் பார்த்ததை மெக்கானிக் வாங்கிக்கொள்வார்.

பேட்டரி ஸ்கூட்டர் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே பாடம்தான். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதும் சோதனை எண்ணே. சுமையும் வேகமும் மேடும் அதையும் குறைக்கும். வாங்கும் முன் நம் முழுச் சுற்றையும் நம் சுமையோடு ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

கூடினால் குறையும் செலவு

ஒருவர் ஓட்டும் முறையில் மிச்சமாவது ஒரு அளவுதான். ஒரே சந்தைக்கு ஒரே நாளில் ஐந்து உறுப்பினர்கள் ஐந்து வண்டியில் போவதாக இருந்தால், சரக்கை ஒரு வண்டியில் ஏற்றிவிட்டால் எவ்வளவு மிச்சம்? கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நம் கையில் கணக்கு இருந்தால் பங்கு பிரிப்பதிலும் மனக்கசப்பு வராது. "நீ இவ்வளவு கொடு, நான் இவ்வளவு கொடுக்கிறேன்" என்று வாய்ப்பேச்சில் விடாமல் நோட்டில் இருப்பதைப் பார்த்துப் பிரிக்கலாம்.

40 கொடுத்த ஸ்கூட்டர், இந்தப் பழக்கங்களால் 45 கொடுத்தால், மாதம் 780 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 217 ரூபாய் மிஞ்சும். வருடத்துக்கு 2,600 ரூபாய். இது பெரிய தொகை இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். மாதம் 200 ரூபாய் சந்தா கட்டும் குழுவில், அது ஒரு உறுப்பினரின் முழு வருடச் சேமிப்பு.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கீழே உள்ளவற்றைப் பேச வேண்டுகிறோம்.

1. நம் குழுவில் வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேருக்குத் தங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் தெரியும்?

2. வண்டிக் கடனுக்கு இனி வரும் விண்ணப்பங்களில், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று எழுதச் சொல்லி தீர்மானம் போடலாமா? புதிதாக வாங்குபவர், அதே வண்டியை அதே மாதிரி தொழிலுக்கு ஓட்டும் இன்னொரு உறுப்பினரின் நோட்டைப் பார்த்து எழுதலாம்.

3. ஒரே ஊருக்கு, ஒரே சந்தைக்குச் சரக்கு எடுப்பவர்கள் யார் யார்? வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து எடுக்க முடியுமா?

4. டயர் காற்று பார்க்கும் கருவி ஒன்றைக் குழுவின் பொதுச் செலவில் வாங்கி, கூட்ட நாளில் எல்லா வண்டியையும் பார்க்கலாமா?

மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தவர்கள், வண்டியின் வகை, தினமும் போகும் பாதை, ஏற்றும் சுமை, கிடைத்த மைலேஜ் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குழுவின் கணக்காளரிடம் கொடுங்கள். குழுக்களில் இருந்து வருவதைத் தொகுத்து வைத்தால், அடுத்து வண்டி வாங்கப் போகும் சகோதரிக்கு நம் ரோட்டில் ஓடிய வண்டிகளின் கணக்கு கையில் கிடைக்கும்.